யானைக்காகப் பூட்டிய கேட்

இரவு ஒன்பது அடித்தால் மத்தூர் சோதனைச் சாவடியில் தடுப்புக் கம்பு இறங்கிவிடும். குண்டல்பேட்டையைத் தாண்டி வயநாட்டுக்குப் போகிற 766-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் வாசல் அது. ஊட்டிப் பக்கம் போகிற 181-ஆம் எண் சாலையில் இதே வேலையை மேலுகாமனஹள்ளி சாவடி செய்கிறது. இரண்டும் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். இடையில் ஆம்புலன்ஸ் போகலாம், விரல் விட்டு எண்ணக்கூடிய அரசுப் பேருந்துகள் போகலாம். லாரி போகக் கூடாது. 2009-ல் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் கொண்டுவந்த தடையை 2010 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. யானையும் மானும் சிறுத்தையும் வண்டிச் சக்கரத்தில் சாகக் கூடாது என்பதே அந்த வழக்கின் பேச்சு. லாரி ஓட்டுகிறவன் தூங்கினானா இல்லையா என்பது அதில் விவாதப் பொருளே அல்ல.

மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் 1984 முதல் பில்டி என்கிற சரக்குச் சீட்டு எழுதிய சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் உண்டு. இந்தத் தடையைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். “யானைக்குப் போட்ட கேட்டுல எங்க டிரைவருக்குத் தூக்கம் கிடைச்சுதுங்க” என்பார். கேலி போலத்தான் தோன்றும். ஆனால் அவர் பழைய கணக்கு நோட்டுகளைப் பரணில் இருந்து இறக்கிக் காட்டி, வண்டி புறப்பட்ட நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லும்போது கேலி இல்லை என்று புரியும். பெயர் போட வேண்டாம் என்பது அவர் கேட்டுக்கொண்டது. கிளார்க் என்றே வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநர்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மண்டி மொஹல்லா, தேவராஜ மார்க்கெட்டுக்கு வடக்கே சயாஜி ராவ் சாலையை ஒட்டிய பழைய பேட்டை. உருதும் கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து விலை பேசும். பெரிய மொத்த வியாபாரம் பிற்பாடு நஞ்சன்கூடு சாலையில் உள்ள பண்டிபாளையம் யார்டுக்குப் போய்விட்டது. கிளார்க் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தத் தெருக்களுக்குள்ளேயே அரிசியும் வெல்லமும் புளியும் ஊதுபத்திப் பெட்டிகளும் லாரி ஏறின. ஆபீஸ் என்பது ஒரு மேசை, ஒரு பெஞ்ச், சுவரில் மாட்டிய ஒரு போன். முதலாளியை எல்லாரும் பாய் என்றே அழைத்தார்கள். சொந்தமாக ஒரு லாரிகூட அவருக்குக் கிடையாது. வியாபாரியிடம் லோடு வாங்கி, வண்டிக்காரருக்குக் கொடுத்து, இடையில் கமிஷன் எடுக்கிற தொழில்.

வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தவை. கொங்குப் பேச்சு கேட்கிறதே என்றுதான் கிளார்க் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டார்.

அவருடைய நோட்டில் வழக்கமான பத்திகள்: வண்டி எண், சரக்கு, மூட்டைக் கணக்கு, வாடகை, அட்வான்ஸ், பாக்கி. கடைசியில் அவராகவே ஒரு பத்தி சேர்த்திருந்தார், புறப்பட்ட நேரம். சரக்குக்காரர் மறுநாள் போனில் “வண்டி எப்ப எடுத்தான்?” என்று கத்தினால் பதில் சொல்ல வேண்டுமே, அதற்காக. அதே வண்டி இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து பாக்கிப் பணத்துக்கு நிற்கும்போது வந்த நேரத்தையும் பக்கத்தில் குறித்துவிடுவார். இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் ஒரு மனிதனின் தூக்கம் எங்கே இருந்தது என்று கணக்குப் பார்க்க அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

கோழிக்கோட்டு லோடை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்கே வண்டியை மண்டி வாசலில் போட வேண்டும். ஹமாலிகள் மூட்டை ஏற்றுவார்கள். ஓட்டுநர் தூங்க முடியாது. மூட்டை எண்ணிக்கை குறைந்தால் வாடகையில் பிடிப்பார்கள், அதனால் பின்பக்கம் நின்று எண்ண வேண்டும். நடுவில் ஹமாலிகள் சாப்பிடப் போவார்கள், இன்னொரு கடையில் இருந்து வர வேண்டிய இருபது மூட்டை வராது, எடை மேடையில் வரிசை நிற்கும். மாலை ஆறுக்கு லோடு முடிந்தால் தார்ப்பாய் விரித்துக் கயிறு போட ஒரு மணி நேரம். கயிற்றைச் சுண்டி இழுத்து முடிச்சுப் போடும்போது ஓட்டுநரும் கிளீனரும் உடம்பு முழுக்க எடையைப் போட்டுத் தொங்குவார்கள். எட்டு மணிக்குப் பில்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்படுவார்கள். பத்து மணிக்குக் குண்டல்பேட்டை. நள்ளிரவுக்குச் சுல்தான் பத்தேரி. விடிகாலை இரண்டு மூன்று மணிக்குத் தாமரசேரிச் சுரத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கம். வெளுக்கும்போது கோழிக்கோட்டு வலியங்காடியில் இறக்குக்கூலிக்காரர்கள் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். இறக்கி முடிக்க மதியம். உடனே இஞ்சியோ தேங்காயோ திரும்பும் லோடு கிடைத்தால் அதுதான் அதிர்ஷ்டம். கிடைத்த லோடை விட்டுவிட்டுத் தூங்குகிற ஓட்டுநரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

ஓட்டுநருக்கு மாதச் சம்பளம் என்பது பெயருக்கு. டிரிப்புக்கு இவ்வளவு என்று படி, சில முதலாளிகளிடம் வாடகையில் ஒரு பங்கு. வண்டி நின்றால் படி நிற்கும். தூக்கத்தை அவன் தன் கைக்காசில் வாங்க வேண்டியிருந்தது.

வாங்க முடியாதவர்கள் விரட்டினார்கள். கண்ணுக்குக் கீழே அமிர்தாஞ்சன் தடவுவது, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றுவது, பச்சை மிளகாயைக் கடிப்பது எல்லாம் சாதாரணம். விரலிடுக்கில் பீடியைப் பற்றவைத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இருந்தார்கள். கண் செருகினால் நெருப்பு விரலைச் சுட்டு எழுப்பும். சங்ககிரிக்காரர் ஒருவர் பாக்கிப் பணத்தை எண்ணி வாங்கும்போது அவருடைய ஆள்காட்டி விரலின் உட்பக்கம் வரிசையாகக் கறுத்த தழும்புகளைக் கிளார்க் பார்த்தார். என்னங்கண்ணா இது என்றதற்கு, “அது அலாரமுங்க தம்பி” என்று சொல்லி அவர் ரூபாய்த் தாளை எச்சில் தொட்டு எண்ணுவதைத் தொடர்ந்தார்.

சட்டம் என்று ஒன்று இருப்பது கிளார்க்குக்குத் தெரியவந்தது ஒரு தொழிற்சங்கக்காரர் பெஞ்சில் விட்டுப்போன சின்னப் புத்தகத்தால். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை. நெடுந்தூர வழித்தடங்களில் அனுமதியோடு நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 வரை போகலாம். ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் குறைந்தது அரை மணி ஓய்வு. வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கும் வரை இடைவிடாமல் ஒன்பது மணி நேர ஓய்வு. இந்தக் கடைசி வரியைப் படித்தபோது பாய் உட்பட ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நடக்காத ஒன்றை இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருக்கிறார்களே என்ற வியப்புதான்.

அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்துக்கே அது பொருந்தியது. ஒரு லாரி வைத்திருப்பவரிடம் ஓட்டுநர் ஒருவர், கிளீனர் ஒருவர். மண்டி மொஹல்லாவுக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். பின்னால் வந்த 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு, போக்குவரத்து வண்டி ஓட்டும் எவருக்கும் வேலை நேரம் 1961 சட்டம் சொல்கிறபடியே என்று வலையை விரித்தது. வலை பெரிதுதான், பிடிக்க ஆள் இல்லை. 1961 சட்டத்தை நடத்தும் ஆய்வாளர் தொழிலாளர் துறைக்காரர், பகலில் அலுவலகத்தில் இருப்பவர். ராத்திரி ரோட்டில் நிற்பவர்கள் ஆர்.டி.ஓ. ஆட்களும் போலீசும். அவர்கள் பார்ப்பது பெர்மிட், இன்ஷூரன்ஸ், எடை, லைசென்ஸ். ஓட்டுநர் எப்போது தூங்கினார் என்று கேட்பது யாருடைய வேலை என்ற கேள்விக்கு இரு துறைகளுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தது. எத்தனையோ லாரிகள் அந்தப் பள்ளத்தின் வழியாகவே போய் வந்தன.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வண்டி போனது, திரும்பவில்லை. நஞ்சன்கூடு பக்கம், விடிய இன்னும் நேரம் இருக்கையில், சாலையோரப் புளியமரத்தில் மோதியது. ஓட்டுநர் அங்கேயே போய்விட்டார். பின்னால் படுத்திருந்த கிளீனர் பையன் தோள் எலும்பு முறிந்து பிழைத்தான். ஆவணத்தில் அதிவேகம், கவனக்குறைவு என்று எழுதப்பட்டது. சரக்கு முழுக்க ஏற்றி, மேட்டில் ஏறிக்கொண்டிருந்த வண்டி என்ன வேகம் போயிருக்கும் என்று கிளார்க் இன்றைக்கும் கேட்கிறார். அன்று நோட்டைத் திறந்து, லோடிங்குக்கு வண்டி வந்த காலையில் இருந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்த மனிதர் ஒழுங்காகப் படுத்து எழுந்து முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரேக் பிடித்த தடம் சாலையில் இல்லை என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள். விழித்திருப்பவன் மரத்தைப் பார்த்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

தூக்கம் என்ற காரணம் நம் கணக்குகளில் ஏறுவதே இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைப்படி 2022-ல் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள். சாவுகளில் பத்துக்கு ஏழு அதிவேகம் என்ற தலைப்பில் வருகின்றன. விதிமீறல் அட்டவணையில் குடித்து ஓட்டியது, தவறான திசை, சிவப்பு விளக்கைத் தாண்டியது, கைபேசி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. களைப்புக்கு இல்லை. அது ஒன்று அதிவேகத்தில் கரையும், அல்லது ‘மற்றவை’ என்ற மூட்டையில் போய் விழும். எண்ணாத ஒன்றுக்கு எந்த அரசும் பணம் ஒதுக்காது.

ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஆட்களை ஒரு முறை தூங்கவிடாமலும் இன்னொரு முறை மது கொடுத்தும், கையும் கண்ணும் சேர்ந்து இயங்குவதை அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதற்கு ஒப்பாக இருந்தது. இந்தியாவில் குடித்து ஓட்டியதாகப் பிடிப்பதற்கான எல்லை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். மண்டி வாசலில் காலை ஆறுக்கு எழுந்து, இரவு பதினொன்றுக்கு வயநாட்டுக் காட்டுக்குள் ஓட்டுகிறவர் ஒரு சொட்டு குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியவர்தான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி ஐம்பது மீட்டர் ஆளில்லாமல் ஓடுகிறது. ஊதிப் பார்க்கும் கருவி இதற்கு இல்லை.

மருந்து ஒன்று விதியில் இருந்தது, இரண்டாவது ஓட்டுநர். தேசிய பெர்மிட் வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் படுக்க இடம் இருக்க வேண்டும் என்றது மத்திய மோட்டார் வாகன விதி. டபுள் டிரைவர் என்று தொழிலில் பெயர். உண்மையிலேயே இரண்டு பேர் வந்த வண்டிகளைக் கிளார்க் நோட்டில் தனியாக அடையாளம் காண முடிகிறது. அவை வடக்கே போகிற நெடுந்தூர வண்டிகள். மற்றவற்றில் இரண்டாவது ஓட்டுநர் ஒரு லைசென்ஸ் நகலாகக் கேபின் பெட்டிக்குள் இருந்தார். சில வண்டிகளில் அந்த நகலில் இருந்தவர் எப்போதோ துபாய் போயிருந்தார். கேட்டால் “பின்னாடி தூங்கறாருங்க” என்று சொல்லத் தார்ப்பாய் போதும். 2018 நவம்பரில் அரசு இந்த விதியை எடுத்துவிட்டது. ஒரே ஓட்டுநர் போதும். அதே ஆண்டு ஜூலையில் லாரிகள் ஏற்றலாம் என்ற எடையும் கூட்டப்பட்டது. காகிதத்தில் மட்டும் இருந்ததைக் காகிதத்தில் இருந்தும் எடுத்தார்கள் என்று சொல்லி இதை விட்டுவிடலாம். ஆனால் நடக்காத விதியை நடக்க வைப்பதற்குப் பதில் நீக்குவது எந்தத் துறையிலும் சோம்பேறியின் வழி.

இந்தப் பின்னணியில்தான் 2009-ன் கேட் வந்து விழுந்தது.

முதல் வாரங்களில் மண்டி மொஹல்லா கொதித்தது. காய்கறி அழுகும், வாடகை ஏறும், கேரள வியாபாரம் போச்சு என்று பேச்சு. வழக்கம்போல் எட்டு மணிக்குப் புறப்பட்ட வண்டிகள் குண்டல்பேட்டையில் வரிசையாக நின்றன. ஹுன்சூர், கோணிக்கொப்பல், குட்டா வழியாக மானந்தவாடிக்குச் சுற்றிப் போகலாம் என்று சொல்லப்பட்டது. சிலர் போனார்கள். டீசல் கணக்குப் பார்த்தவர்கள் நின்றார்கள். படி நின்றுபோன கோபத்தில் ஓட்டுநர்களும் திட்டினார்கள். இதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வயநாட்டு மக்களுக்கு அது வெறும் லாரிப் பிரச்சினையும் அல்ல. 2019-ல் சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருக்கும் அளவுக்குப் போனது.

சில மாதங்களில் கிளார்க்கின் நோட்டில் ஒரு மாற்றம் தெரிகிறது. கோழிக்கோட்டு வண்டிகள் மதியம் மூன்றுக்குள் புறப்படுகின்றன, அல்லது காலை ஐந்து மணிக்கு. மதியம் எடுக்க வேண்டும் என்பதால் லோடிங் முந்தின நாளே நடக்கிறது. தாமதமானால் வண்டி குண்டல்பேட்டையில் நின்று விடிந்ததும் போகிறது. சரக்குக்காரர் கத்தினால் “கேட் போட்டாச்சுங்க, காலைலதான்” என்ற ஒரு பதில் போதும். அதற்கு மேல் யாரும் பேச முடியாது. “தூக்கம் வந்துச்சுங்க” என்று ஒரு ஓட்டுநர் சொல்லியிருந்தால் அன்றோடு அந்த மண்டியில் அவருக்கு லோடு முடிந்திருக்கும்.

ஒன்பது மணிக்கு மூடி ஆறு மணிக்குத் திறந்தால் ஒன்பது மணி நேரம். 1961 சட்டம் இரண்டு நாள் வேலைக்கு நடுவே கேட்ட ஓய்வும் அதே ஒன்பது மணி நேரம். அரை நூற்றாண்டாக நாடாளுமன்றமும் தொழிலாளர் துறையும் வாங்கித் தர முடியாததை வனத்துறையின் ஒரு கம்பு வாங்கித் தந்தது. எழுதி வைத்துச் செய்தது அல்ல, தற்செயல்தான். ஆனால் தற்செயலில் ஒரு பாடம் கிடைத்தது: ஓட்டுநரை நம்பி, முதலாளியை நம்பி, சரக்குக்காரரின் கருணையை நம்பி ஓய்வு வராது. எல்லா வண்டியும் ஒன்றாக நின்றால்தான் ஒரு வண்டி நிற்க முடியும். பக்கத்து வண்டி போகிறது என்றால் நிற்கிறவன் ஏமாளி ஆகிவிடுகிறான். கேட் மூடியிருக்கும்போது அந்தப் போட்டியே இல்லை.

கேட்டைக் கடவுளாக்கிவிடவும் வேண்டாம். மண்டியில் லோடு ஆறரைக்கு முடிந்தால் மைசூரில் இருந்து மத்தூர் சாவடிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல், கையில் இரண்டரை மணி. நகர நெரிசலைக் கழித்தால் அதுவும் இல்லை. எட்டே முக்காலுக்குக் குண்டல்பேட்டையைத் தாண்டுகிற லாரிகள் பறப்பதை அந்தச் சாலையோர டீக்கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். யானையைக் காக்கப் போட்ட நேரம் காட்டுக்கு வெளியே மனிதரை விரட்டியது. போய் நின்ற இடத்திலும் என்ன சொகுசு? சாலையோரம், கொசு, கழிப்பறை கிடையாது, டீசல் திருட்டுக்குப் பயந்து ஒரு கண்ணைத் திறந்து வைத்த தூக்கம். “நாய்த் தூக்கமுங்க” என்று கிளார்க்கிடம் ஒருவர் சொன்னார். அப்படிச் சொன்னவரே, முன்பு அதுவும் இல்லை என்றும் சொன்னார்.

கிளார்க்கின் சொந்த ஊர்ப் பாதையிலும் இதே கதை, கொஞ்சம் கூடுதல் உப்போடு. சாமராஜநகரில் இருந்து சத்தியமங்கலம் இறங்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு கனரக லாரி வளைவில் சிக்கினால் மலை முழுக்க நிற்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே கனரக வண்டிகளுக்கு மாலை ஆறு முதல் காலை ஆறு வரை தடை வந்தது. இதுவும் வனவிலங்குகளுக்காகத்தான். தாளவாடி விவசாயிகளும் லாரிக்காரர்களும் போராடினார்கள். ஈரோட்டுக்கு மஞ்சள் கொண்டுபோகும் ஓட்டுநர் ஒருவர் அப்போது ஓய்வு பெற்றுவிட்ட கிளார்க்கைத் தேடி வந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றால் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்று சண்டை பிடித்தாராம். யானையிடம் கேட்க முடியாததை இவரிடம் கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வி சரியான இடத்தில் குத்துகிறது. நிற்கும் நேரத்துக்குக் கூலி இல்லாதவரை எந்த ஓய்வு விதியும் ஓட்டுநருக்குத் தண்டனைதான். சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2020-ல் பத்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர்களிடம் பேசி வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சராசரியாக நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டுவதாகச் சொன்னார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் களைப்போ தூக்கமோ இருந்தும் ஓட்டியதை ஒப்புக்கொண்டார்கள். விதி தெரியாமல் ஓட்டியவர்கள் அல்ல இவர்கள். கட்டுப்படியாகாமல் ஓட்டியவர்கள்.

ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், நாளுக்கு ஒன்பது மணி நேரம்தான் ஸ்டீயரிங் பிடிக்கலாம் என்பது வழக்கமான எல்லை. வண்டியில் பொருத்திய டேகோகிராஃப் கருவி அதைப் பதிவு செய்துகொண்டே இருக்கும், அதிகாரி வழியில் நிறுத்திப் பார்ப்பார். அமெரிக்காவில் நாளுக்கு 11 மணி நேரம். 2017 டிசம்பரில் இருந்து அங்கே பெரும்பாலான லாரிகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். நம் அமைச்சர் நிதின் கட்கரியும் 2021 செப்டம்பரில், விமானிகளைப் போல லாரி ஓட்டுநர்களுக்கும் நேரம் நிர்ணயிக்க வேண்டும், தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்றார். 2025-ல் புதிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமானது, நல்லது. நேரம் மட்டும் பேச்சாகவே நிற்கிறது.

சட்டமோ வேறு திசையில் நடந்திருக்கிறது. 1961 சட்டத்தை உள்ளே வாங்கிக்கொண்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைகள் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் மோட்டார் போக்குவரத்து நிறுவனம் என்றால் பத்துத் தொழிலாளர்களாவது இருக்க வேண்டும். முன்பு ஐந்து. ஒற்றை லாரிக்காரர் ஏற்கெனவே வெளியே நின்றார், இப்போது மூன்று நான்கு லாரிக்காரரும் அவருக்குத் துணையாக வந்து நிற்கிறார்.

இத்தனைக்கும் சரக்கின் நேரத்தை அரசு நன்றாகவே எண்ணுகிறது. ஜி.எஸ்.டி. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டுக் காலாவதியாகும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வண்டி கடந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்கிறது. கிளார்க் தன் நோட்டின் கடைசிப் பத்தியில் பேனாவால் எழுதியதை இன்று கணினி தானாக எழுதுகிறது, அவரைவிடத் துல்லியமாக. இரண்டு சுங்கச்சாவடிகளுக்கு நடுவே ஒரு வண்டி எத்தனை மணி நேரம் நிற்காமல் ஓடியது என்று பார்ப்பதற்குப் புதிய கருவி ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. பார்க்கச் சொல்லி ஒரு உத்தரவு வேண்டும், அவ்வளவுதான்.

கிளார்க் கேட்பது அதைவிடச் சின்னது. குண்டல்பேட்டையிலும் பண்ணாரியிலும் கேட்டுக்கு முன்னால் விளக்கும் காவலும் கழிப்பறையும் உள்ள லாரி நிறுத்தம் ஒன்றை இரு மாநில அரசுகளும் கட்டட்டும். கேட்டில் நிற்கிற இரவுக்குத் தனியாக ஹால்ட் படி கொடுத்து, அதை வாடகையில் சேர்த்துச் சரக்குக்காரரிடம் வாங்கட்டும். மண்டியில் லோடு ஏற்றுகிறவர்கள் மாலை நாலரைக்கு மேல் காட்டுப் பாதை வண்டியை அனுப்ப வேண்டாம். இருபது மூட்டை பாக்கி இருந்தால் அது அடுத்த வண்டியில் போகட்டும்.